நீலச் சட்டை, குளோசப்பில்

“அழிக்கச் சொல்லுக்கா உன் பொண்ணை! இப்பவே, என் கண்ணு முன்னாடி அழிக்கச் சொல்லு!”

“அவ கையில இருந்தா அழிக்க மாட்டாளாடி? எல்லாம் அந்தக் காலேஜ்காரன்கிட்ட இருக்கு. பாஸ்வேர்டே அவன்தான் வச்சிருக்கானாம். என் பொண்ணு எங்கிட்ட பொய் சொல்லுவாளா?”

அக்காவும் தங்கையும் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டு திரும்புகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். சண்டை போட அந்தக் கட்டடத்தில் அதைவிட வசதியான இடம் கிடையாது. ஒரு சொல்கூடச் சிந்தாமல் மேலேயும் போகும், கீழேயும் போகும். கீழ்வீட்டு அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு வெளியே வந்து, ஏற்கெனவே பளிச்சென்று இருந்த வாசலை மறுபடியும் கழுவ ஆரம்பித்திருந்தாள். மூன்றாம் மாடியில் யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். மரியாதைக்காக அல்ல.

சண்டைக்குக் காரணமானவள் கதவுக்கு உள்பக்கம், செருப்பு அலமாரியில் சாய்ந்தபடி நின்றிருந்தாள். கல்லூரியில் மல்டிமீடியாவும் இணைய இதழியலும் படிக்கிறவள். கட்டடத்தில் அவளுக்கு ‘மைக்’ என்று பெயர். சட்டைக் காலரில் செருகுகிற குட்டி மைக் ஒன்றைக் கல்லூரியிலிருந்து வாங்கிவந்து, கண்டவர் கழுத்திலெல்லாம் மாட்டி, “காலையில என்ன சாப்பிட்டீங்க, சும்மா சொல்லுங்க, சவுண்டு செக் பண்ணணும்” என்று கேட்டுத் திரிந்ததில் வந்த பெயர் அது. காலையில் சாப்பிட்டதை அத்தனை விவரமாகச் சொல்லியும் அதெல்லாம் படத்தில் வரவில்லை என்று கீழ்வீட்டு அக்காவுக்கு இன்னமும் மனத்தாங்கல் உண்டு.

அம்மாவின் குரல் படிக்கட்டில் ஏறி இறங்கியது. “என் பொண்ணு பொய் சொல்லுவாளா?” மைக் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். பாஸ்வேர்டு அவளிடம்தான் இருந்தது. கையிலிருந்த ஃபோனில்தான் இருந்தது.

வகுப்பு ஆசிரியர் கொடுத்த வேலை சின்னதுதான். ஒரு மனிதர், அவர் செய்யும் தொழில், மூன்று நிமிடக் காணொளி. ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்தில் தாங்களே தலைப்புப் போட்டு ஏற்ற வேண்டும். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதற்கும் மதிப்பெண். வகுப்பில் முதலாவதாக வருகிறவரை ஒரு செய்தித் தளம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் ஒரு காலத்தில் பத்திரிகையில் இருந்தவர். எதைக் காட்டினாலும் “ஷாட் எங்க?” என்று கேட்பதால் ஷாட் சார் ஆனவர். “பார்த்து எழுதறது பழைய காலம். பார்க்க வைக்கணும். அதுதான் இனிமே தொழில்” என்பார். பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள்.

மைக் தன் சித்தியைப் பிடித்தாள். இரண்டாம் மாடியில், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, துணிகளை ஆளுக்குத் தகுந்தபடி திருத்திக் கொடுக்கிறவள் சித்தி. பேன்ட்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, இடுப்பைத் தளர்த்துவது. “மனுஷங்க குண்டாகிற வரைக்கும் எனக்கு வேலை இருக்கு” என்பாள். மைக்கின் அம்மா மருந்துக் கடையில் வேலை முடிந்து வர இருட்டிவிடும் என்பதால், பள்ளிக்கூட நாட்களில் மைக் வளர்ந்ததே சித்தியின் வெட்டு மேசைக்கு அடியில்தான். வீட்டுப் பாடத்தின் மேல் நூல் துணுக்குகள் உதிரும். பள்ளியில் ஆசிரியை அவற்றை ஊதிவிட்டுத் திருத்துவாள்.

சித்திக்குக் கணவர் உண்டு. வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனவர். அந்த ஊரில் அவருக்கு வேலை மட்டும் கிடைக்கவில்லை என்பது கட்டடம் முழுக்கத் தெரியும். ஆனால் யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. படியில் எதிர்ப்பட்டால், “சார் எப்ப வர்றாரு?” என்று கேட்பார்கள். “லீவு கிடைக்கணுமே” என்பாள். “ஆமாமா, இப்பல்லாம் எங்க லீவு தர்றான்” என்று கேட்டவர்களே அவளுக்கு முட்டுக்கொடுத்து விட்டுப் போவார்கள். வம்புக்கென்றே பிறந்த கீழ்வீட்டு அக்காகூட இந்த ஒரு விஷயத்தில் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சித்தியின் பங்குக்கு ஒரு நீலச் சட்டை இருந்தது. துணி துவைக்கிற நாளில், தெருவைப் பார்த்த பால்கனிக் கொடியில், அவளுடைய துணிகளுக்கு நடுவே ஓர் ஆண் சட்டை காயும். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் சித்தி இத்தனை காலம் குடித்தனம் நடத்திவந்தாள்.

மைக் முதலில் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்த காணொளியைப் பார்த்த ஷாட் சார், “நல்லா இருக்கு. ஒரு பேன்ட் எப்படிக் குட்டையாகுதுன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. எனக்கு எதுக்கும்மா அது புரியணும்?” என்றார். வகுப்பு சிரித்தது. மைக்கும் சேர்ந்து சிரித்தாள், காது சூடாக. பிறகு கணினி அறையில் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எடுத்ததையெல்லாம் முன்னும் பின்னும் ஓட்டினாள். வெவ்வேறு நாளில் எடுத்தவை. சித்தி நூல் கோர்க்கிறாள், சித்தி பல்லால் நூலை அறுக்கிறாள், சித்தி யாருடைய தொப்பையையோ பற்றி ஜோக் அடிக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால், பால்கனியில், ஒவ்வொரு தடவையும் அதே நீலச் சட்டை. மைக் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். காலர் நலுங்கவில்லை. முழங்கையில் ஒரு சுருக்கம் இல்லை. பொத்தான் துளைகள் பொத்தானையே பார்த்திராதவைபோல இறுக்கமாக இருந்தன. இத்தனை வருஷமாகப் பார்த்த சட்டையை அவள் அன்றுதான் கவனித்தாள்.

உடம்பு சிலிர்த்தது. அதை அவள் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. முதலில் வந்தது பரிதாபம் இல்லை, பயமும் இல்லை. சந்தோஷம்.

மறுநாளே கேமராவோடு மேலே போய், “சித்தி, பால்கனி வெளிச்சம் நல்லா இருக்கு, கொஞ்சம் எடுத்துக்கறேன்” என்றாள்.

சித்தி மெஷினிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். “அந்தப் பழைய துண்டு அசிங்கமாத் தெரியுமே பாப்பா, எடுத்துடட்டுமா?”

“ஆமா சித்தி, எடுத்துடுங்க.”

சித்தி துண்டை எடுத்தாள். சட்டை மட்டும் தனியாக, வெள்ளை வானத்துக்கு முன்னால், பொருத்தமாக அசைந்தது.

பின்னணிக் குரலை மைக்கே கொடுத்தாள்: ‘வாரா வாரம் துவைக்கிறார். போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.’ தலைப்பு: ‘வராத கணவனுக்காகக் காயும் சட்டை.’ வகுப்பில் போட்டுக் காட்டியபோது ஷாட் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “இது! இதுதான்யா ஷாட்!” பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தை மைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டாள்.

சித்தியிடம் காட்டாமலே ஏற்றிவிட்டாள். “என் மூஞ்சி நல்லா வந்திருக்கா? அப்ப போடு” என்று அவள் எப்போதோ சொன்னதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் மாடிக்காரர் அதைக் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே கண்ணீர் வடிக்கும் பொம்மைகளை வரிசையாக நிறுத்தினார். நல்ல மனசோடுதான் செய்தார். அதற்குப் பிறகு படியில் யாரும் சித்தியிடம் “எப்ப வர்றாரு” என்று கேட்கவில்லை. பேன்ட் கொடுக்க வந்த ஒரு அம்மாள், இடுப்பளவைச் சொல்லிவிட்டு, சித்தியின் கையைப் பிடித்து, “தைரியமா இரும்மா” என்றாள். அளவெடுக்கிற டேப்போடு சித்தி அப்படியே நின்றாளாம்.

முதல் தடவை சித்தி சத்தம் போடவில்லை. அக்கா வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கி வந்து, கதவு ஓரமாக நின்று, “பாப்பா, அதை எடுத்துடேன்” என்றாள். தண்ணீர் கேட்கிறமாதிரி.

மைக்கின் ஃபோன் மேசைமேல் கிடந்தது. பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் இன்னும் ஒரே ஒரு பையன்தான், ஏதோ நாய்ப் பண்ணையைப் படம் எடுத்தவன். இன்றோ நாளையோ அவனைத் தாண்டிவிடுவாள்.

“என்னால முடியாது சித்தி. பாஸ்வேர்டு சார்கிட்ட இருக்கு. காலேஜ்லதான் எடுக்கணும்.”

வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம். சவுண்டு செக்கிற்குச் சொல்கிற பதில்மாதிரி வந்தது.

“அப்படியா? சரி, சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு பாப்பா.”

“சொல்றேன்.”

சொல்லவில்லை. நாய்ப் பண்ணையைத் தாண்டினாள். அதன் பிறகும் எடுக்கவில்லை. எடுத்தால், முன்பே எடுத்திருக்கலாமே என்று ஆகிவிடுமே. சித்தி காத்திருந்தாள், கேட்டாள், மறுபடி காத்திருந்தாள். கடைசியில் அக்கா வேலையிலிருந்து திரும்பிப் படியேறுகிறபோது வழி மறித்தாள். அதைத்தான் இப்போது கட்டடமே கேட்டுக்கொண்டிருந்தது.

“உன் வீட்டுச் சட்டையையா ஊருக்குக் காட்டினா? அது என் வீட்டுச் சட்டை, அக்கா!”

“நீ ஏண்டி அதைத் தொங்கவிட்ட?”

சொன்ன உடனே அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வாசல் கழுவுகிற சத்தம் நின்றது. சித்தி அக்காவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வயசானவள்போல ஒவ்வொரு படியாக மேலே போனாள்.

அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தங்கையைச் சொன்ன சொல்லின் கோபத்தை யார் மேலாவது இறக்கியாக வேண்டும். “நாளைக்கு நானும் வர்றேன் காலேஜுக்கு. அந்த ஆளை நாலு கேள்வி கேக்கறேன். ஒரு குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்திட்டு, பாஸ்வேர்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானா?”

அப்போது சொல்லியிருக்கலாம். அம்மா முகம் கழுவிவிட்டு வந்தபோது சொல்லியிருக்கலாம். மறுநாள் பஸ் நிறுத்தத்தில், அம்மா சண்டைக்கென்று தேய்த்த நல்ல உடையில் நின்றபோதுகூடச் சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது. ஏறினார்கள்.

கணினி அறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அம்மா வாசலிலேயே ஆரம்பித்தாள். ஷாட் சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, புரியாதவராக, “அம்மா, அதை நான் எப்படி எடுக்கறது? அவங்கவங்க பக்கம் அவங்கவங்க கையிலதான். ஒரே பட்டன்தான்மா. இதோ பாருங்க” என்று மைக்கின் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

கீபோர்டுச் சத்தமெல்லாம் ஓய்ந்தது. அம்மா மகளைப் பார்க்கவில்லை. பையைத் திறந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, திரையின் பக்கம் குனிந்தாள்.

“எந்தப் பட்டன்?”

மைக் விரலால் காட்டினாள்.

“அழுத்து.”

நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று திரை கேட்டது. அதற்கும் அழுத்தினாள். சட்டை, தலைப்பு, எண்ணிக்கை எல்லாம் போய் வெள்ளையாக இருந்தது.

“கவலைப்படாதம்மா” என்று ஷாட் சார் மைக்கிடம் அன்பாகச் சொன்னார். “உனக்கு மார்க் ஏற்கெனவே போட்டாச்சு.”

திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தாள். இறங்குகிற இடம் நெருங்கியபோதுதான் பேசினாள். “சித்தி கேட்டா, நான் போய் சத்தம் போட்டேன், அவங்க எடுத்துட்டாங்கன்னு சொல்லு.”

“அம்மா…”

“எனக்கு இருக்கிறது ஒரு தங்கச்சி. இதுக்கு மேல பேசாத.”

அன்று மாலையே சித்தி கீழே வந்தாள். கண் வீங்கியிருந்தாலும் தலை வாரி, முகம் திருத்தி வந்திருந்தாள். மைக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள்.

“உன்னை வேற என்னென்னவோ திட்டிட்டேன் பாப்பா. நீ என்ன பண்ணுவ, சின்னப் பொண்ணு. அவங்க சொன்னதைச் செஞ்ச. எடுக்கணும்னு நினைச்சாலும் உன் கையிலயா இருக்கு? மனசுல வச்சுக்காதடி.”

மைக் வாயைத் திறந்தாள். சமையலறையில் அம்மா குழாயை முழுவேகத்தில் திறந்துவிட்டாள். காலிப் பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் வீட்டை நிறைத்தது.

“பரவாயில்ல சித்தி” என்றாள் மைக்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவள் மன்னித்துவிட்டாள். சித்தி அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டு, நிம்மதியாக மேலே போனாள். சித்தி பிடித்திருந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மைக் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு சித்தி பால்கனியில் துணி காயப்போடவில்லை. உள்ளேயே, ஃபேனுக்குக் கீழே போட்டுக்கொண்டாள். “எப்ப வர்றாரு” என்று கேட்க முடியாமல் போனதால் படியில் அவளோடு பேச யாருக்கும் ஒன்றுமில்லாமல் போயிற்று. எல்லோரும் சிரித்துவிட்டுச் சீக்கிரமாக இறங்கினார்கள். வருஷம் முடிவதற்குள் அவள் வீட்டைக் காலி செய்தாள். நகரத்தின் மறுகோடியில், ரயில் நிலையத்துப் பக்கம் கடை போட்டிருப்பதாகக் கேள்வி. மெஷின் ரிப்பேர் செய்கிறவரோடு பேச்சு வார்த்தை இருப்பதாக ஒரு தரப்பு, புருஷனே திரும்பி வந்துவிட்டதாக இன்னொரு தரப்பு. கீழ்வீட்டு அக்கா இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தும், ஷட்டரின் நிறத்தைத் தவிர எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மைக் வகுப்பில் முதலாவதாக வந்தாள். பயிற்சிக்குப் போன தளத்திலேயே வேலையும் கிடைத்தது. மற்றவர்கள் எழுதியதற்குத் தலைப்புப் போடுகிற வேலை. கைராசிக்காரி என்று அங்கே பேர். ஷாட் சாரின் கணினியில் சட்டைக் காணொளியின் ஒரு பிரதி தங்கிவிட்டதென்றும், ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக்காட்டுகிறாரென்றும் அவளுக்குத் தெரியவந்தது. எடுத்துவிடச் சொல்லி அவருக்கு ஒரு செய்தி தட்டி வைத்தாள். அனுப்பவில்லை.

கூட வேலை பார்த்த வீடியோ எடிட்டரையே கல்யாணம் செய்துகொண்டாள். வரவேற்புக்குச் சித்தியும் வந்திருந்தாள், தனியாக, நல்ல நிறத்தில் உடுத்திக்கொண்டு. அக்காவைக் கட்டிப்பிடித்தாள். மேடையேறி மைக்கின் கன்னத்தைக் கிள்ளி, “இடுப்புல கொஞ்சம் பிடிச்சிருக்கணும், யாருகிட்ட தைச்ச?” என்று கேட்டுவிட்டு இறங்கி, நடு வரிசையில் ஒரு குழந்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் நண்பன் கேமராவைத் தூக்கிக்கொண்டு, விளக்குப் பிடிப்பவனோடு, வரிசை வரிசையாக வந்தான். ஒவ்வொருவர் முகத்திலும் வெளிச்சம் விழ, ஒவ்வொருவரும் சிரித்தார்கள், தலைமுடியை ஒதுக்கினார்கள், பக்கத்திலிருப்பவரை இடித்தார்கள். வெளிச்சம் தன் வரிசைக்குத் திரும்பியதும், சித்தி பேச்சை நிறுத்தாமலே, மடியிலிருந்த கைப்பையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். பையின் மறுபக்கத்திலிருந்து அந்தக் குழந்தையிடம் என்னவோ சொல்லிக்கொண்டேயிருந்தாள். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. கேமரா ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தது.