குழி விழுந்த கைப்பிடி

மேற்கே சாயும் கதிரவன் திருவள்ளூர் வயல்களைப் பொன்னிறமாக்கிவிட்டுக் காக்களூர்த் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள்மீது இறங்கி நிற்க, பகற்பணி முடித்தோர் வெளியேறவும் இரவுப்பணிக்குரியோர் நுழையவுமாய்த் தெரு நெரிந்துகொண்டிருந்த வேளையில், குணசுந்தரியின் மெருகுப் பட்டறை வாயிலில் தம் பழைய மகிழுந்தை நிறுத்தி இறங்கினார் தேசப்பன்.

அறிவுசால் அன்பரே, வாடகைக்கு ஓட்டி அவர் பிழைத்த வண்டி அது. அதன் பின்கதவின் உட்புறப் பித்தளைக் கைப்பிடி மகள் கவிப்பிரியாவின் பிஞ்சு விரல்களுக்கு இணங்காது. பள்ளி வந்ததும் அவள் சோற்றுத் தூக்கால் அதைத் தட்டி, "தொற நைனா" என்பாள். அவர் இறங்கி வந்து திறந்துவிடுவார். தட்டித் தட்டி அதில் குழிகள் விழுந்தன. அவள் படும் பாட்டைப் பொறாமல், எளிதில் திறக்கும் நெகிழிப் பிடிகளை மாட்டிப் பழையனவற்றைப் பரணில் போட்டார். கல்லூரிப் பருவத்தில் அவளைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அதன்பின்னரே பரணேறி அவற்றைத் தேடியெடுத்தார். மற்ற மூன்று கதவுகளின் பிடிகளுக்கு மெருகு வேண்டும். குழி விழுந்த பிடிக்கோ, குழிகளைத் தொடாமல் தேய்ந்த அச்சை மட்டும் மாற்றினால் போதும்.

ஆயினும் பட்டறையில் கொடுத்த அன்று, வேலையாட்கள் சூழ்ந்து நிற்க, மகள் பெயரை எடுத்தால் அழுதுவிடுவோமென்று அஞ்சி, "இந்த ஒண்ண மட்டும் கொஞ்சம் பாத்து பண்ணும்மா" என்று சொல்லி வந்துவிட்டார். வாய்விட்டுச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. அழுகையை அடக்கி நிற்பவருக்கு அது அத்தனை எளிதா?

குணசுந்தரி பார்த்துத்தான் செய்திருந்தாள். அருமையான பொருளுக்கு அவள் தொழிலில் செய்யும் சிறப்பு, குழிகளில் செம்பேற்றி நிரப்பி, மட்டமாகத் தேய்த்து, மேலே மெருகிடுவது. அதைப் பிறர் கையில் விடாமல் தானே செய்து முடித்தவள், துணியில் பொதிந்து நீட்டினாள்.

"குழியெல்லாம் அடச்சிட்டேண்ணா. நானே குந்திக்கினு செஞ்சேன். அச்சும் புதுசு. இனிமே கொழந்தகூட தொறக்கலாம்."

தேசப்பன் கட்டைவிரலால் தடவினார், வழுக்கிற்று. திருப்பித் தடவினார். எங்கும் ஒன்றுமில்லை. அவர் நெஞ்சு உடைந்தது. எனினும் முகம் மலர நின்றவளை நோவானேன் என்றெண்ணி, "ரொம்ப நல்லா கீதும்மா" என்றார்.

பட்டறையார் பூட்டிக் கொடுத்தபின், பின்னிருக்கையில் மகள் அமரும் இடத்தில் அமர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, விரல் முட்டியால் அக்கைப்பிடியை மெல்லத் தட்டினார். பின்பு தொட்டார், ஒரு விரலுக்கே கதவு திறந்துகொண்டது. மகளுக்காக அன்று அவர் விரும்பியதும் அதுவே. அந்தப் பிடிக்கே அது வாய்த்த நாளில் அவளுமில்லை, அவள் தட்டிய குழிகளுமில்லை.