டாலர் வரைக்கும் போகலாம்

ரயில்வே கேட்டை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டிக் கொடுத்ததில் ஊருக்குப் பெரிய நிம்மதி. முன்பு ரயில் போகப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்; இப்போது தண்ணீர் வடிய நான்கு நாள் காத்திருந்தால் போதும்.

ஆழம் பார்க்க அளவுகோடு போடுவதாகச் சொன்னவர்கள் போடவில்லை. சுவரில் ஒரு வேட்பாளரின் போஸ்டர் இருந்தது. தேர்தலில் தோற்றாலும் மனிதர் ஊருக்கு உழைத்தார். தண்ணீர் அவருடைய சட்டைப் பாக்கெட் வரைக்கும் என்றால் வண்டி போகலாம். கழுத்தைத் தொட்டால் திரும்பிவிட வேண்டும். மூன்று மழைக்காலமாக இதுதான் சட்டம்.

ஆவணியில், வேன் ஓட்டும் ஜானகிராமன் தன் மகள் ஹரிப்ரியாவின் காதணி விழா போஸ்டரை அவர்மேலேயே ஒட்டினான். சட்டமும் அவளுக்கு மாறியது. பாக்கெட்டுக்குப் பதில் அவள் சங்கிலி டாலர். இந்த ஐப்பசிதான் புதுச் சட்டத்துக்கு முதல் பெருமழை.

காலை ஏழே முக்காலுக்கு வேன் சரிவின் தலையில் நின்றது.

"டாலர் வரைக்கும்தான் கீது, வுடு அண்ணாத்த," என்றான் பின்சீட்டில் ஆல்வின். பொத்தேரி காலேஜில் அவனுக்குப் பரீட்சை.

"நெதானமா போ நைனா. கீரை நனைஞ்சுதுன்னா மொத்தத்தையும் நீதான் துன்னணும்," என்றாள் பக்கத்தில் கீரை விற்கும் கிழவி சந்திரம்மா.

முன்சீட்டில் பள்ளிச் சீருடையில் ஹரிப்ரியா. ஜானகிராமன் முதல் கியரில் இறக்கினான்.

பாதி தூரத்தில் அவன் செருப்பு நனைந்தது. அடுத்த நொடி பாதம். சுவரில் டாலர் வரைதான் என்றால் தண்ணீர் வேனுக்குள் வரக்கூடாதே!

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போஸ்டர் ஒட்டிய அன்று இங்கே முழங்கால் தண்ணீர். பிள்ளை படம் நனையக்கூடாதென்று ஒரு முழம் தூக்கி ஒட்டியிருந்தான். டாலர் இருந்தது பாக்கெட் இருந்த இடத்தில் இல்லை; வேட்பாளரின் நெற்றியில்.

ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் தண்ணீர் குடிக்கும். விடாவிட்டால் இன்னும் ஆழம். தலைக்கு மேல் ரயில் போனது, சுவர் அதிர்ந்தது. வேன் கிளப்பிய அலை போஸ்டரில் ஏறியது.

"அப்பா, நான் முங்கிகினு கீறேன்," என்றாள் ஹரிப்ரியா, சுவரைப் பார்த்து.

இன்ஜின் ஒரு தரம் இருமி நின்றது.

"இன்னா அண்ணாத்த?" ஆல்வின் குரலில் கிண்டல் இல்லை.

"கதவு தொறக்காது. ஜன்னல்ல எறங்கு. ஆயாவப் புடி!"

தண்ணீர் ஜானகிராமனின் மார்புக்கு நின்றது. ஹரிப்ரியாவைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அவள் விரல்கள் அவன் தலைமுடியைப் பிய்த்தன. வலித்தது; வலிக்கிறவரை அவள் இருக்கிறாள் என்று நடந்தான். கீரைக்கட்டுகள் வழிகாட்டுவதுபோல முன்னால் மிதந்து போயின.

நான்கு பேரும் மேடேறினார்கள். வேன் ஏறவில்லை.

தண்ணீர் வடிந்ததும் போஸ்டரைக் கிழிக்கப் போனான். ஊரே கூடித் தடுத்தது.

"பேஜாரு பண்ணாத ஜானகி. அப்புறம் நாங்க இன்னாத்த பாத்து வண்டி வுடறது?"

சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள்: பாவாடை ஓரம் என்றால் போ, டாலர் என்றால் நில்.

இப்போதெல்லாம் மழை பெய்த காலைகளில் சுரங்கப்பாதைக்குப் பக்கத்து வீட்டுக்காரனான அவனுக்குத்தான் முதல் போன் வருகிறது.

"ஜானகி, உம் பொண்ணுக்கு இன்னிக்கு எது வரைக்கும் தண்ணி?"

பதில் சொல்லுமுன் ஒவ்வொரு முறையும் அவன் வீட்டுக்குள் போய், ஹரிப்ரியா இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வருகிறான்.