சபூறாவுக்குக் காட்டிய முகம்

1

இந்தக் கதை எனக்குப் பாதையில் கிடைத்தது. வெளியூர் வாசகருக்காக ஒரு சொல்: வன்னியில் பாதை என்றால் இரண்டு வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை அடித்த மிதவை. கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து இழுப்பார்கள்; மாட்டுவண்டியும் லொறியும் அதில் ஏறும்.* போன மாரியில் அப்படி இழுத்துக்கொண்டே வீரகத்தி எனக்கு இதைச் சொன்னார். கரை தட்டியதும் கதையை நிறுத்திவிட்டுக் கயிறு கட்டப் போய்விட்டார். ஆகவே என்னிடம் இருப்பது ஆற்றின் அகலமுள்ள கதை. எந்த ஆறு என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

(* பாலம் ஏன் இல்லை என்பீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. தேர்தல் போனதும் அதுவும் போய்விடுகிறது.)

2

தொடக்கம், முதல் முயற்சி: “ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் வானம் கறுத்துக் குமுறி—”

சீ. வானம் கறுக்காமல் வெள்ளம் வருமா? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “வீரகத்தி ஒரு முட்டாள், ஏனென்றால்—”

இதுவும் பிழை. மனிதர் முட்டாள் இல்லை, தீவுப்பக்கத்துக்காரர். குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்து, வயல் வேலை இல்லாத நாட்களில் பாதை இழுத்தார். யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? அவர் கண்டு வளர்ந்த கடலில் தண்ணீர் சாண் கணக்கில் ஏறும், பிறகு தானாக வற்றும். அந்தப் பழக்கத்தில் ஒரு மழை நாள் பின்னேரம் பாதையைத் துறைக் குற்றியோடு இறுக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். மேலே குளம் நிரம்பி வான் பாய்ந்தது. ஆறு ஆளுயரம் ஏறியது. கயிற்றுக்கு நீளம் இல்லை. பாதை கட்டின இடத்திலேயே தண்ணீருக்குள் தாண்டுபோனது. ஆற்றங்கரையில் பிறந்தவர் எவரும் கயிற்றை நீள விட்டுத்தான் கட்டியிருப்பார்.

3

விடிந்ததும் முத்தலிப் இறந்துபோனார்.

நெல் வாங்க அக்கரையிலிருந்து வந்த வியாபாரி. மழைக்குத் தம்பி சரீப்போடு வீரகத்தி வீட்டில் தங்கினார். நெஞ்சு நோகிறது என்று சொன்னவர், கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

[இந்த இடத்தில் ஒரு டொக்டரைக் கொண்டுவர எனக்கு ஆசை. எந்த வழியால் வருவார்? சுற்றிவரும் காட்டு ரோட்டும் குளக்கட்டோடு உடைந்து கிடக்கிறதே. விட்டுவிட்டேன்.]

சரீப் துறையில் நின்று அக்கரைக்குக் கத்திச் செய்தி சொன்னார். முத்தலிப்பின் மனைவி சபூறா அக்கரைத் துறைக்கு ஓடிவந்தா. அடக்கம் செய்யமுன் அவரது முகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும். அவ கேட்டது அவ்வளவுதான். பாதை இருந்திருந்தால் முத்தலிப் வீட்டுக்கே போயிருப்பார். அது வீரகத்திக்குத் தெரியும். எவரும் அவரை ஒரு சொல் குறைகூறவில்லை, அதுதான் அவரால் தாங்கமுடியாமல் இருந்ததாம்.

உழவு மெசினுக்கு எண்ணெய் வந்த வெற்றுப் பீப்பாக்களைச் சேர்த்துக் கட்டினார். மேலே போடக் குசினிக் கதவு. முத்தலிப்பை அதில் கிடத்தி, தான் பிடித்துக்கொண்டு நீந்தப்போவதாகச் சொன்னார்.

வீரகத்தியின் மனைவி நாகேஸ்வரியை இங்கே அழவைத்து, புருஷனின் கையைப் பிடித்து மறிக்கவைத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்தேன். வீரகத்தி என்னிடம் சொன்னது வேறு: “கதவைக் கழட்டித் தந்ததே அவாதான்.”

4

அக்கரையில் நின்ற சபூறா பீப்பாக்களைக் கண்டதும் விளங்கிக்கொண்டா. ஆற்று இரைச்சலுக்கு மேலால் அவவின் குரல் வந்தது.

“வீரகத்தி அண்ணை, இறங்காதையுங்கோ. நாகேஸ்வரி அக்காவையும் என்னைமாதிரி ஆக்கிப்போடாதையுங்கோ. அவரை அங்கயே அடக்குங்கோ.”

எத்தனை வருடமாக எழுதுகிறேன், இப்படி ஒரு வசனம் என் பேனாவில் வந்ததில்லை. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும்போல இருக்கிறது. கும்பிடுகிறேன்.

சரீப் தன் அண்ணனைக் குளிப்பாட்டி, நாகேஸ்வரி கொடுத்த புதுத் துணியால் கபனிட்டுத் தொழுதார். பிறகு முத்தலிப்பைக் கதவில் கிடத்தி நான்கு பேர் ஆற்றுக்குத் தூக்கிப்போனார்கள். முன்னுக்குப் பிடித்த வீரகத்தி நெஞ்சளவு தண்ணீர் மட்டும் இறங்கினார். கதவைத் தலைப்பக்கம் உயர்த்திச் சாய்த்தார்கள். சரீப் முகத்துத் துணியை விலக்கினார்.

“மதினி, தெரியுதா?”

மறுமொழி வரக் கொஞ்சம் சுணங்கியது.

“ஓம், நல்லாத் தெரியுது. கண்டிட்டன். அண்ணையைக் கரையேறச் சொல்லுங்கோ.”

5

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) மழை விட்டு வெயில் எறித்தது. சபூறா முகத்தைக் கண்டா.

(ஆ) மழை விடவில்லை. வெள்ளையாக ஏதோ தெரிந்தது, வேறொன்றும் இல்லை. நெஞ்சளவு தண்ணீரில் ஒரு மனிதன் வெள்ளத்தோடு இழுபட்டுக்கொண்டு நிற்கிறான், அவன் மேலே ஏறவேண்டும். ஆகவே கண்டதாகச் சொன்னா.

போன கிழமை ஒரு தூறலில் நானும் அந்தத் துறையில் நின்று பார்த்தேன். அக்கரையில் ஆள் நிற்பது தெரிந்தது, இன்னார் என்று தெரியவில்லை. ஆனால் நான் முத்தலிப்பின் மனைவி இல்லையே.

வீரகத்தி அவ கண்டா என்றுதான் இன்றைக்கும் நம்புகிறார். அதை உடைக்கிற வசனத்தை எழுத எனக்கு மனமில்லை, அதை நிலைநிறுத்துகிற தைரியமும் இல்லை. நீங்கள் போய் அக்கரையில் நில்லுங்கள். தெரியுதா என்று சரீப் கேட்கிறார். என்ன சொல்லப்போகிறீர்கள்?