சிவந்த வால்வு

தன்னைக் கேட்காமல் ஆம்ப்ளிஃபயரைக் கொழுந்தனுக்குக் கொடுத்துவிட்டான் என்பதற்காகத் தெய்வநாயகி ஒரு வாரமாகக் கணவன் செல்வராஜிடம் பேசவில்லை. கல்பாக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் அவள். பழைய ரேடியோவில் இருக்குமே, அதுபோல நாலு கண்ணாடி வால்வு வைத்து அந்தப் பெட்டியைத் தன் கையால் கட்டியவள். அதன் டிரான்ஸ்ஃபார்மருக்குக்கூட ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அவளேதான் கம்பி சுற்றினாள்.

"வூட்டுல சும்மாதானே கெடக்குது? புது வூடு வாங்கிகீறான், வெச்சிகினு போட்டும்" என்றாள் மாமியார் வேண்டா. அதோடு பேச்சு முடிந்தது.

நாவலூரில் கொழுந்தன் கலையரசனின் ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். வேறு வழியில்லாமல் போனாள். நடு ஹாலில் அவள் பெட்டி. அதன் பக்கத்தில், மீட்டரும் ஸ்க்ரூடிரைவருமாகக் கலையரசன் குனிந்திருந்தான். சுற்றிலும் அவனுடைய ஆபீஸ் நண்பர்கள்.

"அண்ணி ரொம்ப பயந்து பயந்து பயாஸ் வெச்சிருக்காங்க" என்று சிரித்தான். "அதான் சவுண்டுல உயிரே இல்ல."

பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போதும் வால்வுக்குள் கொஞ்சம் கரண்ட் ஓட வேண்டும். அதை அளந்து வைப்பதுதான் பயாஸ். குறைந்தால் பாட்டு கரகரக்கும். கூடினால் வால்வு தன் சூட்டிலேயே வெந்து, டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கருக்கிவிடும். எவ்வளவு கூட்டலாம் என்பதை உள்ளே இருக்கும் வோல்டேஜ்தான் முடிவு செய்யும்.

"கலை, உள்ள வோல்டேஜ் எவ்ளோன்னு அளந்தியா?"

"எல்லாம் நெட்ல கீது அண்ணி. நீங்க போய் பாயசத்த பாருங்க."

நண்பர்கள் சிரித்தார்கள். செல்வராஜும் சிரித்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கலையரசன் பயாஸ் ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டிவிட்டுப் பாட்டைப் போட்டான். ஹால் அதிர்ந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஓரத்து வால்வின் உள்தகடு மங்கலாகச் சிவப்பதைத் தெய்வநாயகி பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அணைத்துவிட்டால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். பெட்டியருகே விளையாடிக்கொண்டிருந்த கொழுந்தன் மகளைத் தூக்கிப்போய் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். சுவிட்சை மட்டும் தொடவில்லை.

படாரென்று ஒரு சத்தம். கருகிய வார்னிஷ் நாற்றமும் புகையும் ஹாலை நிறைத்தன. யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா ஓட்டை சாமான குடுத்துட்டீங்களே அண்ணி!" என்று கத்தினான் கலையரசன்.

மாமியார் வேண்டா கத்தவில்லை. மருமகளையே உற்றுப் பார்த்தாள். "கொழந்தைய மட்டும் தூக்கிகினு போனியே. தெரிஞ்சேதானே நின்ன?"

"தெரிஞ்சேதான் அத்தே."

செல்வராஜின் முகம் செத்துப்போயிருந்தது. தெய்வநாயகி பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டு லிப்ட் வரைக்கும் போனாள். ஒரு கைகூட உதவிக்கு வரவில்லை. கீழே ஆட்டோக்காரர்தான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்.

கல்பாக்கம் வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் அடித்தகட்டைக் கழற்றினாள். டிரான்ஸ்ஃபார்மர் கரிக்கட்டையாகியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது; ஆத்திரம் மட்டும் கொஞ்சமும் தணியவில்லை.

போன் அடித்தது. செல்வராஜ்தான்.

"அம்மா உன்னை மன்னிப்பு கேக்கச் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அம்மா சொல்றாங்கல்ல" என்றான் மறுபடியும். அவள் போனை வைத்துவிட்டு வாசல் கதவை உள்பக்கம் தாழிட்டாள்.