தலையாட்டும் மோட்டார் சைக்கிள்

தென்காசியில் மோட்டார் வைத்தியம் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பது சேக் தாவூதின் அசைக்க முடியாத நம்பிக்கை. மற்றவர்களெல்லாம் மாட்டுக்கு லாடம் அடிக்கப் பிறந்து, தெரியாத்தனமாக ஸ்பானரைப் பிடித்துவிட்டவர்கள். இதை மனசுக்குள் வைத்துக்கொள்கிற ஆளும் அல்ல அவன்.

அப்பேர்ப்பட்டவன் தலையில்தான் அந்தச் சனியன் வந்து விடிந்தது. குற்றாலத்தில் ஒரு துரை போட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள். பங்களாக் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த அந்த இரும்பை மிராசுதார் சிவனணைந்தபெருமாள் வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தாவூதின் பட்டறையில் இறக்கினார். தாவூது நட்டு நட்டாகக் கழற்றித் துரு சுரண்டி, எஞ்சினுக்கு உயிர் கொடுத்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தான். கொடுத்த வாரமே அது மேலகரம் தாண்டி வயலுக்குள் இறங்கிற்று. நடவு நட்ட பெண்கள் மிராசுதாரைத் தூக்கிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் தூக்கினார்கள்.

"முன்பக்கம் தலையாட்டுது, தாவூது. நேராப் போவ மாட்டேங்குது. அங்கிட்டும் இங்கிட்டும் அலையுது" என்றார் பெருமாள்.

ஆடுவது வண்டியல்ல, ஓட்டுகிறவரின் தொந்தி என்று தாவூது நினைத்தான். ஆனாலும் தொழில் தொழில்தானே. முன்சக்கரத்தைக் கட்டை வைத்துத் தூக்கி, சக்கரத்தைத் தாங்கும் கவட்டையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான், லொடலொடப்பு இல்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டான், கோணல் இல்லை. கம்பிகளைத் தட்டினான், எதுவும் தளரவில்லை. ஹேண்டிலைத் திருப்பினான்; வழுக்கிக்கொண்டு திரும்பியது. தானே ஏறிக் குற்றாலம் வரை போய் வந்தான். சாரலில் நனைந்த ரோட்டிலும் வண்டி நூல் பிடித்தாற்போலப் போயிற்று.

பெருமாள் ஏறினார். மறுபடியும் விழுந்தார்.

தாவூது ஹேண்டில் கழுத்தைப் பிரித்து, மதுரையிலிருந்து புது பேரிங் குண்டுகள் வரவழைத்துப் போட்டான். பெருமாள் அதற்குப் பிறகும் விழுந்தார். விழுந்தவர் வாயை மூடிக்கொண்டு கிடப்பாரா? கடைத்தெருவில் நின்று, முன்பக்கத்தைத் தாவூது தப்பாக மாட்டிவிட்டான் என்று ஊருக்கே சொன்னார்.

ஊர் சொன்னால் போகட்டும், நெல்லையப்பன் காதில் அல்லவா விழுந்துவிட்டது. குற்றாலத்துக்கு பஸ் விடுகிற முதலாளி அவர். புதிதாகக் கட்டிய தம் பட்டறைக்குத் தாவூதைத்தான் மேஸ்திரியாகப் போடுவதாக இருந்தார். அந்தச் சந்தோஷத்தைத் தாவூதின் மனைவி நூருன்னிசா நாலு தெருவுக்குச் சொல்லியும் ஆயிற்று.

"ரெண்டு சக்கரத்தையே நேராப் போவ வைக்க முடியலயே. ஆளேறுத வண்டிய ஒன்ன நம்பி எப்படிக் குடுக்க?" என்றார் நெல்லையப்பன்.

தாவூதுக்குச் சுருக்கென்றது. "கோளாறு வண்டில இல்ல மொதலாளி, ஆளுலதான். நாளைக்கு வாங்க, ஒங்க கண்ணு முன்னாலயே காட்டுதேன்."

மறுநாள் பட்டறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பெருமாளுக்குப் பின்னால் உட்காருவதைக் கேவலமென்று இத்தனை நாளும் தள்ளிப்போட்ட தாவூது, முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினான். பெருமாள் வண்டியை உதைக்கப் போனார். அதற்கு முன்னால் அவர் கை ஹேண்டில் நடுவிலிருந்த கறுப்புத் திருகுக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை முறுக்கினார்.

"அத எதுக்கு அண்ணாச்சி முறுக்குதீய?"

"புதுக் காளைய ரோட்டுல எறக்கும்போது மூக்கணாங்கயித்த இழுத்துப் பிடிக்க வேண்டாமா? இல்லன்னா மிரளும்லா. வீட்டுக்கு வந்ததும் நெகிழ்த்தி விட்ருவேன்."

தாவூது இறங்கி ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தான். செக்கை இழுப்பது போலிருந்தது. மேடு பள்ளத்தில் ஹேண்டில் உதறாதபடி லேசாகப் பிடித்துக்கொள்ள வைத்த திருகு அது. இறுக்கிவிட்டால் வண்டி தன்னை நேர்ப்படுத்திக்கொள்ள வழியில்லை. வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிடுவதால் பட்டறையில் ஒன்றும் தெரியவில்லை.

தாவூது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாத்தீயளா மொதலாளி? மோட்டார் சைக்கிளுக்கு மூக்கணாங்கயிறாம். புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வைக்காம விட்டாவளே." கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

சிரிப்பு அடங்கும்வரை பெருமாள் நின்றார். "நான் மாட்டுக்காரன்தாம்பா. வண்டிய எடுத்த அன்னைக்கே இந்தத் திருகு எதுக்குன்னு ஒங்கிட்டக் கேட்டனா இல்லையா?"

தாவூது குனிந்து ஸ்பானரைத் தேடினான்.

"கேட்டேன். 'அதெல்லாம் ஒங்களுக்கு வெளங்காது அண்ணாச்சி, ஏறி ஓட்டுங்க'ன்னு சொன்னே."

சொன்னது உண்மை. இதைப் போய் இந்த மாட்டுப்புத்திக்காரனுக்கு விளக்கவா என்று அன்றைக்குத் தாவூதுக்கு இளக்காரம். பெருமாள் திருகைத் தளர்த்தி, வண்டியை உதைத்து ஏறினார். தெருக்கோடி வரை சக்கரம் ஒரு விரற்கடை விலகவில்லை.

நெல்லையப்பன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஒனக்குத் தொழில் தெரியும் தாவூது. எனக்குச் சந்தேகமே இல்ல."

தாவூதின் முகம் மலர்ந்தது.

"ஆனா நாளைக்கு எம் டிரைவர் வந்து பிரேக்கு ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டா, ஒனக்கு வெளங்காது, ஏறி ஓட்டுன்னு அவன்ட்டயும் சொல்லுவ. இவரு ஒத்த ஆளு, வயல்ல விழுந்தாரு. எம் பஸ்ஸுல பிள்ளகுட்டியோட ஏறுதாவ. நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

அவர் குடையை விரித்துச் சாரலில் இறங்கினார். அவரையும் விவரங்கெட்ட மனுசன் என்று திட்டிவிடத் தாவூதுக்கு நாக்கு துறுதுறுத்தது. அதைக் கடித்துக்கொண்டு பட்டறைக்குள் போனான்.