சீனியின் முதுகு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ராயப்பன்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்பம்மெட்டு மலைப்பாதையில் முப்பது வருஷம் ஏலத்தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றி இறக்கியவன் நான். இந்தப் பிலவேந்திரனையே ஒரு புறா படுத்திய பாடு இருக்கிறதே, அதை எங்கே போய்ச் சொல்ல!

சீனி என் மனைவி மேரி வளர்த்த வெள்ளைப் புறா. எட்டு வருஷத்துக்கு முன்னால் கம்பம் சந்தையிலிருந்து காய்கறிக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.

"திங்கவும் ஆகாது, விக்கவும் ஆகாது. எதுக்குடி இந்தச் சனியன்?" என்று கத்தினேன்.

"நீங்க கத்துறதுக்குப் பதிலு சொல்ல வீட்டுல ஒரு ஆளு வேணுமில்ல?" என்று சிரித்தாள்.

அவள் திராட்சைக் கொத்தில் அழுகல் பழங்களைக் கிள்ளிக் கழிக்கும்போது சீனி தோளில் உட்கார்ந்துகொண்டு கூடவே முனகும். அவள் ஊர்க்கதை பேசுவாள், அது 'ம்' கொட்டும். அப்போது எனக்கு அது தலைவலி. இப்போது அந்த இரண்டு சத்தத்தையும் சேர்த்து ஒரு தடவை கேட்கமாட்டோமா என்று ஏங்குகிறேன்.

போன கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் நெஞ்சுவலி வந்து மேரி போய்விட்டாள். அதற்குப் பிறகு சீனி என் மடிக்கு வந்தது. எனக்கும் வேறு நாதி இல்லை. சாயங்காலம் முழுக்க அதை மடியில் வைத்துத் தலையிலிருந்து வால்வரைக்கும் தடவிக்கொண்டே இருப்பேன்.

இரண்டு மாதத்தில் அதன் போக்கே மாறிவிட்டது. என்னைக் கண்டால் சிறகைத் தாழ்த்திக் குனிந்து முதுகைக் காட்டும். துடைப்பத்தில் ஈர்க்குச்சி உருவி, அலமாரிக்கு மேலிருந்த பழைய சட்டியில் அடுக்கும். பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி குழம்பு கொண்டுவந்தால் சிறகாலேயே அறையும்.

"என்னண்ணே, மருமகள வெரட்டுற மாமியா கணக்கா வெரட்டுது!" என்று அவள் வாசலிலேயே கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பிறகு முட்டை. இரண்டு போட்டது. சோடி இல்லாத முட்டையில் என்ன பொரியப்போகிறது? எடுத்து எறிந்தேன். பத்தே நாளில் மறுபடி இரண்டு. எறிந்தேன். ஆறாவது தடவை எறிந்த பிறகும் வெறும் சட்டியில் படுத்துக்கொண்டு எழுந்திரிக்கவே மாட்டேன் என்றது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் கோழி அடையை விட்டு எழாமல் அடம்பிடித்தால் அம்மா தண்ணீரில் முக்கித்தான் தெளியவைப்பாள். அதே மாதிரி சீனியை வாளித் தண்ணீரில் மூன்று முக்கு முக்கினேன்.

மறுநாள் காலையில் அது தரையில் கிடந்தது. கால் நிற்கவில்லை. கண் பாதி மூடியிருந்தது. மேரி விட்டுப்போன ஒரே உயிரை நானே கொன்றுவிட்டேனே என்று பதறிப்போனேன். அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, கம்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

மாட்டு டாக்டர் உமாதேவி சின்ன வயசுப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"புறாவும் கோழியும் ஒண்ணாங்கய்யா? முட்டைய எடுக்க எடுக்க அது திரும்பப் போடும். ஒடம்புல இருந்த சுண்ணாம்புச் சத்து எல்லாம் முட்டை ஓட்டுக்கே போயிருச்சு. அந்த ஒடம்பப் போயி தண்ணியில முக்கியிருக்கீங்க. இன்னொரு முட்டை போட்டா உசுரு தாங்காது."

"இனிமே போடாம இருக்க என்ன செய்யணும் டாக்டரம்மா?"

"அந்தச் சட்டிய எடுத்துருங்க. சாயங்காலமே ஒரு கூண்டுல விட்டு மூடி இருட்டாக்குங்க, வெளிச்சம் கொறஞ்சா முட்டை போடுறது கொறையும். சரி, எப்படித் தடவுவீங்க? காட்டுங்க."

காட்டினேன். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"முதுகத் தடவினா, அதப் பொறுத்தவரைக்கும் நீங்கதான் அதோட சோடி. அந்த நம்பிக்கையிலதான் முட்டை போடுது. இனிமே முதுகத் தொடவே தொடாதீங்க. தலையில மட்டும் இப்படி, ஒரு வெரலால."

அறுபத்து மூன்று வயதில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த விரலைப் பார்த்ததும் மேரி கண்முன்னால் வந்து நின்றாள். அவள் ஆள்காட்டி விரலால் சீனியின் தலையை மட்டும்தான் வருடுவாள். எட்டு வருஷம் என் எதிரிலேயே செய்திருக்கிறாள். நான்தான் ஒருநாளும் கவனிக்கவில்லை.

சொட்டு மருந்து கொடுத்துக் கொடுத்து நான்காம் நாள் சீனி எழுந்து நின்றது. பத்தாம் நாள் மடிக்கே வந்துவிட்டது. வந்ததும் சிறகைத் தாழ்த்தி முதுகைக் காட்டியது. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டேன். அது திரும்பி என்னைப் பார்த்தது. மறுபடி குனிந்தது. வாய்விட்டுக் கூப்பிட்டது.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. சாவதற்கு நாலு நாள் முன்னால் மேரி கேட்டாள்.

"முதுகெல்லாம் வலிக்குது, செத்த நேரம் தடவி விடுங்களேன்."

"பாண்டீஸ்வரியக் கூப்புட்டுக்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சீனி கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு மடியை விட்டு இறங்கிப் போய்க் கம்பு கொத்தத் தொடங்கியது. பிழைத்துக்கொள்ளும். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாண்டீஸ்வரி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, கையத் தொடைக்கடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கீக?"

"என்ன செய்யச் சொல்ற ஆத்தா? இத்தன வருசம் சும்மாவே இருந்த கை, இப்பப் போயி சும்மா இருக்க மாட்டேங்குது."