கோவிந்தப்பன் தரைக்குள் இறங்கிய ஆட்டம்

தேன்கனிக்கோட்டைக் கோவிந்தப்பன் சதுரங்கத்தில் தோற்கிற நிலைக்கு வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே தரைக்குள் இறங்குவார். முதலில் பாதம், பிறகு கணுக்கால், ஆட்டம் இன்னும் மோசமானால் முழங்கால். நாற்காலியில் இருந்தால் நாற்காலியும் கூடவே போகும். மண் தரை, கல் தரை என்ற வித்தியாசம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் தரை அவரை வெளியே தள்ளிவிடும். தள்ளுகிற வேகத்தில் இடுப்பில் சிராய்ப்பு ஏற்படும், அதற்கு மனைவி சரோஜம்மாள் வேப்பெண்ணெய் தடவுவார். கல்யாணமான புதிதில் மாமனாரோடு ஆடி முழங்கால்வரை போனபோது பெண் வீட்டார் கொஞ்சம் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டது. இதற்குச் சுலபமான வழி ஒன்று இருந்தது. "தோத்துட்டேன்" என்று வாயால் சொல்லிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடியும், மேலே வந்துவிடலாம். அந்த வார்த்தை கோவிந்தப்பன் வாயில் வராது. ஒரு வருஷம் யானைக் கூட்டம் அவருடைய கேழ்வரகுக் கொல்லையில் புகுந்து முக்கால்வாசியை மேய்ந்துவிட்டுப் போனபோதுகூட, விளைச்சல் எப்படி என்று விசாரித்தவர்களிடம், "மீதி நல்லா வந்திருக்குது" என்றுதான் சொன்னார்.

மாநிலங்களைப் பிரித்த மறு வருஷம் சந்தைத் தகராறு வந்தது. தேன்கனிக்கோட்டையில் திங்கட்கிழமை சந்தை. எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்து ஹுளிகெரெயிலும் திங்கட்கிழமைதான் சந்தை. அதுவரை யாருக்கும் இது ஒரு குறையாகத் தெரியவில்லை. எல்லை எல்லை என்று எல்லோரும் பேசத் தொடங்கியதும், மாட்டு வியாபாரிகள் பாதிப் பேர் அங்கேயும் பாதிப் பேர் இங்கேயும் போவது இரண்டு ஊருக்கும் பொறுக்க முடியாததாகிவிட்டது. ஒரு ஊர் வியாழக்கிழமைக்கு மாற வேண்டும். வியாழக்கிழமை என்றால் வியாபாரிகள் எல்லாரும் வேறு ஊர்ச் சந்தைகளுக்குப் போயிருப்பார்கள், ஈதான் வந்து உட்காரும். பஞ்சாயத்துப் பேசினார்கள், கற்களும் கொஞ்சம் வீசிக்கொண்டார்கள். கடைசியில் ஊருக்கு ஐந்து பேர் சதுரங்கம் ஆடி முடிவு செய்வது என்று ஒப்புக்கொண்டார்கள். நடுவராகக் கிருஷ்ணகிரியிலிருந்து மாட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எல்லப்பனை வரவழைத்தார்கள். அவருக்குத் தாய்மொழி தெலுங்கு என்பதால் இரண்டு தரப்பும் அவரை நம்பின.

தேன்கனிக்கோட்டை அணியில் கோவிந்தப்பன் பெயர் முதலில் இல்லை. ஐந்தாவது ஆளாக இருந்தவருக்கு அம்மை போட்டுவிட்டது. காய் நகர்த்தத் தெரிந்தவர் வேறு யாரும் கிடைக்காததால் கோவிந்தப்பனைக் கூப்பிட்டார்கள். சரோஜம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. தோப்புப் புளியைத் திங்கட்கிழமைச் சந்தையில் விற்றுத்தான் அவர் குடும்பத்தை நிமிர்த்தி வைத்திருந்தார். அந்தத் திங்கட்கிழமையைக் கொண்டுபோய் இந்த மனுஷன் கையில் கொடுத்திருக்கிறார்களே என்று போட்டியன்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே, ஆட்டம் நடக்கிற உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் சுவரோரமாக வந்து நின்றார்.

மத்தியானத்துக்குள் நான்கு ஆட்டங்கள் முடிந்து இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. மிச்சம் இருந்தது கோவிந்தப்பன் ஆட்டம். எதிரே ஹுளிகெரெ திம்மப்பன், வெல்லம் காய்ச்சுகிறவர். எந்தக் காயைப் பார்த்தாலும் வெட்டாமல் விடமாட்டார். கோவிந்தப்பனின் மந்திரியையும் ஒரு யானையையும் வெட்டி, தன் பக்கத்தில் சோளக்கதிர் அடுக்கியதுபோல அடுக்கி வைத்திருந்தார். கோவிந்தப்பனிடம் ஒரு யானை, ஒரு குதிரை, நான்கைந்து சிப்பாய்கள் இருந்தன. நாற்காலியின் கால்கள் கருங்கல் தரைக்குள் போய்விட்டன. பிறகு இருக்கையும் போனது. மேஜை விளிம்பு அவருடைய மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, கொஞ்ச நேரத்தில் முகவாயைத் தொட்டது. இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் குனிந்து தரையில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். இந்தத் தலை தங்கள் ஆளின் கவனத்தைக் கெடுக்கிறது என்று ஹுளிகெரெக்காரர்கள் புகார் சொன்னார்கள். எல்லப்பன் மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "உக்காந்து ஆடணும்னுதான் பேச்சு. அவுரு உக்காந்துதானே இருக்காரு" என்று தீர்ப்புச் சொன்னார்.

"சாகு சாமி, போதும்" என்றார் திம்மப்பன், பாதி கன்னடத்தில். "தோத்தேன்னு ஒரு மாத்து சொல்லிடு. ஊட்டக்கு, சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

"நீ காய நகத்துப்பா" என்றார் கோவிந்தப்பன். சொன்னதும் இன்னும் ஒரு விரற்கடை இறங்கினார்.

சரோஜம்மாள் அப்போதுதான் அதைக் கவனித்தார். இவ்வளவு ஆழம் கணவர் இதுவரை போனதில்லை. கீழுதடு மேஜை விளிம்புக்குக் கீழே போய்விட்டது. இப்படியே இறங்கிக்கொண்டே போய், தரை வாயை மூடிவிட்டால், அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாலும் சொல்ல முடியாது. ஆம்பளைகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜைக்கு வந்து, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னாங்க, இங்க பாருங்க. சந்தை போனா போவட்டும். புளிய நான் வேற ஊருக்குத் தூக்கினு போயி வித்துக்கறேன். நீங்க மேல வந்துடுங்க."

கோவிந்தப்பன் அவரைப் பார்த்தார். சரோஜம்மாள் எதையும் விட்டுக்கொடுத்து அவர் பார்த்ததில்லை, அரைப்படி புளியைக்கூட. சரி, இவளுக்காகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து, பலகை பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். "தோ..." என்றார். அதற்குள் இன்னும் நாலு விரற்கடை இறங்கி, அவருடைய கண்கள் பலகைக்குச் சரிமட்டத்தில் வந்து நின்றன. மேலிருந்து பார்க்கும்போது எல்லாக் காயும் ஒரே நேரத்தில் தெரிந்து அவரைக் குழப்பிக்கொண்டிருந்தது. இப்போது முன்னால் நின்ற காய்கள் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டன. அவருடைய யானைக்கு எதிரே ஒரே ஒரு சந்து மட்டும் தெரிந்தது. அதன் கோடியில் இருந்த கடைசி வரிசையின் மூலையில் திம்மப்பனின் ராஜா தன் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் நகர இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். சந்தின் கோடியைத் திம்மப்பனின் யானை ஒன்று காவல் காத்தது. அது மட்டும் இல்லாவிட்டால்!

"தோ... தோ வரேன், இரு" என்று சரோஜம்மாளிடம் சொல்லிவிட்டு, கையை உயர்த்திக் குதிரையைத் தூக்கித் திம்மப்பனின் மந்திரியை மிரட்டுகிற கட்டத்தில் வைத்தார். திம்மப்பனுக்கு வெட்ட ஒரு காய் கிடைத்தது. காவல் நின்ற யானையாலேயே குதிரையை வெட்டி, அதையும் அடுக்கில் சேர்த்தார். கோவிந்தப்பனின் யானை சந்தில் நேராக ஓடி மறுகோடியில் போய் நின்றது.

"ராஜாவுக்கு முற்றுகை. ஆட்டம் முடிஞ்சுது" என்றார் எல்லப்பன். திம்மப்பன் சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் நகர்ந்து வழிவிடவில்லை.

எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். கோவிந்தப்பன் ஜெயித்தால் தரை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் அதற்குமுன் ஜெயித்ததில்லை. தரைக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு அவரைத் தள்ளாமல், நாற்காலியோடு மெதுவாக, சிராய்ப்பே படாமல் ஏற்றியது. பழைய மட்டத்துக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை. கோவிந்தப்பன், சரோஜம்மாள், மேஜை, இரண்டு ஊர்க்காரர்கள், கரும்பலகை, ஓடு வேய்ந்த கூரை எல்லாவற்றையும் சேர்த்து முழங்கால் உயரம் தூக்கிவிட்டுத்தான் நின்றது.

"ஒருத்தர ஏத்தும்னு பாத்தா எல்லாரையும் தூக்கிடுச்சே உங்க ஊரு" என்று சொல்லிக்கொண்டே திம்மப்பன் வாசலிலிருந்து குதித்து இறங்கினார். அடுத்த திங்கட்கிழமையே புளி வாங்க வந்தார். சரோஜம்மாள் அவருக்குக் கொசுறு போடவில்லை.

சில மாதம் கழித்துக் கட்டிடம் பார்க்கும் ஓவர்சியர் வந்தார். பள்ளிக்கூடம் வரைபடத்தில் இருப்பதைவிட உயரமாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டார். "நம்ம ஊரு ஜெயிச்சுட்டுதுங்க சார்" என்றார் ஹெட்மாஸ்டர். ஓவர்சியர் டேப்பைப் பிடித்து அளந்து பார்த்தார். சின்னப் பிள்ளைகளுக்கு ஏறச் சிரமமாக இருக்குமே என்று சொல்லி, வாசலில் இரண்டு படி கட்ட உத்தரவு போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஓசூருக்குக் கிளம்பினார்.